குலுக்கலுக்கு முன் சொல்ல வேண்டியது

புதிதாக நிதி திரட்டும் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகம் ஊட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். அது என்னால் முடியாது. உற்சாகம் வேண்டுமென்றால் போன வாரம் சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு உங்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அவரிடம் கேளுங்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கொடுப்பவர்களின் மனதைத் தொடுவது எப்படி, நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி, மேடையில் யாரை முதலில் பேசவிடுவது என்றெல்லாம் சொன்னார். பணம் வராவிட்டால் என்ன செய்வது என்றும் சொன்னார். பணம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வேலையில் பணம் வராமல் நின்றுபோன திட்டங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவை என்னைத் தொந்தரவு செய்வதில்லை. தப்பான காரணத்துக்காகப் பணம் கொட்டி, அதனாலேயே செத்துப்போன பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒன்று போதும் உங்களுக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குப் பக்கத்து ஊர். பார்சிப்பனியில் அப்போதே நம் ஆட்கள் நிறைய இருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள், டாக்டர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள். பக்கத்து ஊர் அப்படியில்லை. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இருந்த ஊர். அங்கே ஒரு சார்ட்டர் பள்ளி திறக்க அனுமதி கிடைத்திருந்தது. சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில், ஆனால் ஒரு தனிக் குழு நடத்துகிற பள்ளி. கட்டணம் கிடையாது. இருக்கிற இடத்துக்கு மேல் பிள்ளைகள் வந்தால் எல்லோர் முன்னாலும் குலுக்கல் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதிலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்பது சட்டம்.

திண்டுக்கல்லில் வங்கியில் வேலை பார்த்தவள் நான். கணவருக்காக இங்கே வந்து, பிள்ளைகளை வளர்த்து, கிரீன் கார்டு வந்த பிறகு வேலை தேடியபோது கிடைத்தது இந்தப் பள்ளியின் ஆபீஸ் வேலை. பள்ளி இன்னும் திறக்கவே இல்லை. ஆபீஸில் நானும் பிரின்சிபலும்தான். அவர் கறுப்பினப் பெண்மணி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நூவர்க் நகரத்துப் பள்ளிகளில் பல வருடம் ஆசிரியையாக இருந்து, ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளை அடைத்தால் யாருக்கும் எதுவும் சொல்லித்தர முடியாது என்று சண்டை போட்டு, நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

பிள்ளைகளுக்கு ஆகும் செலவை அரசு தரும். கட்டடத்துக்குத் தராது. நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்தது மூடிப்போன ஒரு கார்ப்பெட் கடை. அதைப் பள்ளியாக நடத்த வேண்டுமென்றால் கூரை முழுக்கத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும், பின்பக்கம் இன்னொரு வாசல் வைக்க வேண்டும். அதை ஊரின் கட்டட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செப்டம்பரில் கதவைத் திறக்கலாம். இன்னும் திறக்காத பள்ளிக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. திரட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த ஊர் மக்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். கார் கழுவினார்கள், கேக் விற்றார்கள். கார் கழுவிக் கூரைக்குக் குழாய் போட முடியாது. அதனால்தான் பார்சிப்பனிப் பக்கம் நம் ஆட்களிடம் போனேன்.

அங்கே ஒரு டாக்டர். இதய நோய் நிபுணர். சென்னைக்காரர். தமிழ் விழாவானாலும் யார் வீட்டிலாவது சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. அவர் ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பிடித்து, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, தனக்குத் தெரிந்த குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டார்.

பிரின்சிபல் இங்கிலீஷில் பேசினார். சின்ன வகுப்புகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கவனம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, சேர்க்கை குலுக்கல் மூலம்தான், அது சட்டம் என்பதையும் தெளிவாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து டாக்டர் தமிழில் பேசினார்.

"இது நம்ம பிள்ளைங்களுக்கான ஸ்கூல். இன்னைக்கு யார் கூட நிக்கிறாங்களோ அவங்களை இந்த ஸ்கூல் மறக்காது. மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்."

பொய் எதுவும் அதில் இல்லை. மேடையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. நான் தட்டுகள் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பணம் வந்தது பாருங்கள். நம் ஆட்களிடம் நிதி கேட்டுப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். பத்துக் கேள்வி கேட்பார்கள், வரிவிலக்கு உண்டா என்பார்கள், வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். இந்த முறை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செக் தபாலில் வந்தது, நேரில் வந்தது. பிரின்சிபல் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் சமூகம் எவ்வளவு பெருந்தன்மையானது என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை. குழாய் போடுகிற கான்ட்ராக்டரை வரச் சொல்லிப் பாதிப் பணம் கொடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை காலை உமா என்ற பெண் கணவனோடு ஆபீஸுக்கு வந்தாள். கோயம்புத்தூர்க்காரர்கள், இரண்டு பேரும் சாஃப்ட்வேர். கையில் தட்டு. தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மேலே செக். கூடவே ஐந்து வயதுப் பெண் குழந்தை, பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. கார்ப்பெட் கடையின் தூசியில் அந்தக் குழந்தை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஷ்ரேயா, ஆன்ட்டிக்கும் பிரின்சிபலுக்கும் குட் மார்னிங் சொல்லு. டேபிள்ஸ் சொல்லு. அந்தப் பாட்டு பாடு."

"ஐ டோன்ட் வான்ட் டு, அம்மா."

"நேத்து வீட்ல அழகா சொன்னியே கண்ணா. ஸ்கூல்ல சேக்கறப்ப தனி ரூம்ல உக்கார வச்சுக் கேப்பாங்களாம், இங்கயே சொல்லிடு."

குழந்தை இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னது. பிறகு பாடியது. பிரின்சிபலுக்கு ஒன்றும் புரியாமல் சந்தோஷமாகக் கை தட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதை நான் ஊரில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சேர்க்கைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, தட்டோடு தாளாளர் அறை வாசலில் நிற்பது. ரசீது உண்டா இல்லையா என்று கேட்காமல் கொடுப்பது. கொடுத்தாயிற்று, இனி இடம் உண்டு.

அவர்கள் போன பிறகு வந்த செக்குகளை நினைத்துப் பார்த்தேன். கொடுத்தவர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஐந்து, ஆறு வயதில் பிள்ளை இருந்தது. முக்கால்வாசிப் பேர் பள்ளி இருந்த ஊரைச் சேராதவர்கள், பார்சிப்பனிக்காரர்கள். குலுக்கலில் அவர்கள் முறை வருவதே சந்தேகம். பிரின்சிபல் சொன்னதை யாரும் கேட்காமல் இல்லை. இங்கிலீஷில் சொல்வது சட்டத்துக்காக, தமிழில் சொல்வதுதான் நமக்காக என்று எடுத்துக்கொண்டார்கள். பலகையில் எழுதிப் போட்டிருப்பது ஒன்று, உள்ளே நடப்பது வேறு என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகி, வரி கட்டி, வீடு வாங்கி, பள்ளிக்கூடம் என்றதும் எல்லோரும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

இன்னொரு ஆளும் பணம் கொடுத்திருந்தார். சேகர். நியூ ஜெர்சியில் நாமே காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, ஆள்தான் போடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், போடுகிற ஆள் அவர்தான். ராமநாதபுரம் பக்கம். நான் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து கண்ணாடியையும் துடைத்துவிடுவார். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகன், அருண். அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள்.

"இங்கயே பொறந்த பயக்கா. வீட்ல டிவியப் பார்த்து இங்கிலீஷ்தான் பேசுறான். ஸ்கூலுக்குப் போனா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். அதுக்குன்னு இங்கிலீஷே தெரியாத பிள்ளைக கூட உக்கார வச்சிருக்காங்க. கேட்டா, பேசட்டும், மாத்துறோங்கிறாங்க. முப்பது பேர் கத்துற ரூம்ல அவன் எங்கக்கா பேசுவான்?"

எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பில் பதினைந்து பேர்தான் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தார். பார்த்துப் பண்ணுங்கக்கா என்றார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

முதலில் டாக்டரிடம் போனேன். அவர் ஆஸ்பத்திரி உணவகத்தில் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். நான் சொன்னதை ஆச்சரியப்படாமல் கேட்டார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"நான் யாருக்கும் சீட் தரேன்னு சொல்லல மேடம்."

"சொல்லல சார். ஆனா அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க. நீங்களாவது கூப்பிட்டுச் சொல்லுங்க."

"சொல்லலாம். குலுக்கல் முடியட்டும். அதுக்குள்ள பில்டிங் முடிஞ்சிடும். கிடைக்காதவன் நாலு நாள் திட்டுவான். எனக்குத் திட்டு புதுசா? இப்ப வாயைத் திறந்தா நாளைக்கே செக்கைத் திருப்பிக் கேப்பான். நம்ம ஆளுங்களை எனக்குத் தெரியும்."

நீங்கள் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உடனே பதில் சொல்லாதீர்கள். உடனே பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் சொன்னதில் கணக்குப் பிசகு எதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கூடம் திறக்கும். குலுக்கலில் வருகிற பிள்ளைகள் உள்ளே வந்து உட்காருவார்கள், அதில் பெரும்பாலும் அந்த ஊர்க் கூலிக்காரர்களின் பிள்ளைகள். ஏமாந்தவர்கள் வசதியுள்ளவர்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு நல்ல பள்ளிகள் இருக்கின்றன. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைக்காது.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து பிரின்சிபலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டுக்கு என்ன அர்த்தம், பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கினேன். யாராவது வாக்குக் கொடுத்தார்களா என்று கேட்டார். வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, எங்கள் ஊரில் அது சொல்லாமலே விளங்கும் என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பாதி தூரம் சிவப்புக் குழாய் போட்டிருந்தது, மீதிக்கு ஓட்டை மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் குலுக்கல் முடியட்டும் என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன், இன்றைக்கு வேறு கதை எழுதிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் கேட்டார். நான் இங்கிலீஷில் மறுபடி சொன்னால் நம்ப மாட்டார்கள், அப்படித்தானே? ஆமாம் என்றேன். அப்படியானால் நீதான் உங்கள் மொழியில் சொல்ல வேண்டும், தெரியாமல் கொடுத்தவர்களின் பணம் நம்முடையது ஆகாது என்றார். கான்ட்ராக்டருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் கூட்டத்துக்கு ஹால் கேட்டு நூலகத்துக்குப் போன் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் நூலகத்தின் ஹாலில் கூட்டம். எல்லோரும் வந்திருந்தார்கள், சிலர் பிள்ளைகளோடு. டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

"இந்த ஸ்கூல்ல பணம் கொடுத்தா சீட் கிடையாது. குலுக்கல்ல பேர் வந்தாதான் சீட். அதுலயும் இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வெளியூருக்கு. இங்கிலீஷ்ல சொன்னதும் இதான், தமிழ்ல சொல்றதும் இதான், தனியாக் கேட்டாலும் இதான். வேற நெனச்சுக் கொடுத்திருந்தா திருப்பி வாங்கிக்கலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"லாட்டரி டிக்கெட் ஒரு டாலர்தானே மேடம்? எங்களுக்கு மட்டும் ஏன் இந்த விலை?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் பேசியிருக்கலாம். சிரிக்கிறவர்களிடம் என்ன பேசுவது? இந்தப் பள்ளி வருவதால் யாருக்கு நல்லது, நம் பிள்ளைகள் வராவிட்டாலும் இது ஏன் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் போனில் பேச வெளியே போனார். இன்னொருவர், அப்ப அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மா கொடுக்கட்டுமே என்றார்.

உமா மட்டும் என்னிடம் நேராக வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"குழந்தையைப் பாடவிட்டுக் கேட்டீங்களே ஆன்ட்டி. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கேட்டது நியாயம். அன்றைக்கு எனக்கே அப்போதுதான் விளங்கியது என்று சொல்லலாம். சொல்லவில்லை. செக்கைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அந்த வாரத்துக்குள் பெரும்பாலானவர்கள் கேட்டுவிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சிலர், அதிகாரமாகச் சிலர். கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது போக மீதியிருந்தது எல்லாம் போயிற்று, அதுவும் போதாமல் பிரின்சிபல் தன் சொந்த சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

டாக்டர் தன் செக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் பிள்ளைகள் கல்லூரி முடித்தவர்கள், அவருக்கு எந்த இடமும் வேண்டியதில்லை. கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"உங்களுக்கு மனசு சுத்தமாயிடுச்சு மேடம். இப்போ அந்தக் கூரைக் குழாயை யார் போடுவா, சொல்லுங்க."

அதன் பிறகு நானும் அவரும் பேசிக்கொண்டதில்லை.

கூட்டத்துக்கு சேகர் வரவில்லை, ஷிஃப்ட் இருந்தது. மறுநாள் நானே போனேன். அவர் என் காருக்கு கேஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"குலுக்கல்ல அவன் பேரு இருக்குல்லக்கா?"

"இருக்கு."

"காசு கொடுத்ததால முன்னால தள்ளி வைப்பாங்கன்னு இல்ல?"

"இல்ல சேகர்."

தலையை ஆட்டினார். அந்த மாசம் கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். கொடுத்தேன்.

குலுக்கலைச் சட்டப்படி நடத்தியே ஆக வேண்டும். சர்ச்சில் பிங்கோ ஆட்டத்தில் எண் எடுக்கச் சுற்றுகிற கம்பிக் கூண்டை இரவல் வாங்கி வந்தோம். ஊர் நூலகர் அம்மா ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்தார். பார்சிப்பனிக்காரர்களில் ஒருவரும் வரவில்லை. அந்த ஊர்த் தாய்தகப்பன்மார்தான், பாதிப் பேர் வேலைத் துணியோடு. சேகர் கேஸ் ஸ்டேஷன் சட்டையோடு மகன் கையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். அருண் பெயர் சீக்கிரமே வந்துவிட்டது. நூலகர் அம்மா அதை வாசிக்கத் தெரியாமல் தடுமாறினார், நான் எடுத்துச் சொன்னேன். சேகர் மகனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"தேங்க்ஸ் சொல்றா அத்தைக்கு. உன்ன எடுத்துட்டாங்கடா."

பையன் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நான் சிரித்தேன். கூரையின் பாதி அப்போதும் ஓட்டையாகவே இருந்தது. கான்ட்ராக்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். நாங்கள் ஏறாத படி இல்லை. சர்ச், ரோட்டரி, பீட்சாக் கடை, மேயர் ஆபீஸ். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, இவ்வளவு பணம் சேர்த்தீர்களாமே, அது என்ன ஆயிற்று என்பது. திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றால் அடுத்த கேள்வியே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்த பள்ளி என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். பார்சிப்பனியிலிருந்தும் அப்படித்தான் பேச்சுப் பரவியிருந்தது. உண்மையைச் சொன்னால் மரியாதை கூடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், போய்விட்டார். ஒரு வருடம் தள்ளிப் போடலாமா என்று பிரின்சிபல் அரசிடம் கேட்டார். அதற்குள் கட்டடத்தின் சொந்தக்காரர் கார்ப்பெட் கடையை ஒரு மெத்தைக் கடைக்கு விட்டுவிட்டார். கட்டடம் இல்லை என்றதும் அனுமதியும் போயிற்று. செப்டம்பரில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பழைய பள்ளிக்கே திரும்பினார்கள்.

பிரின்சிபலுக்கு நூவர்க்கில் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வேறு மாநிலத்துக்குப் போனார். போவதற்கு முன் ஆபீஸில் இருந்த நாற்காலிகளைக்கூட அவரே ஏலத்துக்கு அனுப்பினார். நாம் செய்தது சரிதானா என்று அவரிடம் கேட்டேன். தாமதமாகச் செய்தோம் என்றார். அந்த ஹாலில், முதல் செக் வருவதற்கு முன், டாக்டர் உட்கார்ந்த கையோடு நீ எழுந்து உங்கள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும், நானும் உன்னைச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும், அப்போது கொஞ்சம் பணம்தான் வந்திருக்கும், ஆனால் தங்கியிருக்கும் என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அதுதான். யார் மேடையில் என்ன பேசினாலும், கேட்கிறவர்கள் எந்த மொழியில் நம்புகிறார்களோ அந்த மொழியில், பணம் கைக்கு வருவதற்கு முன், இதற்குப் பதிலாக உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவாக இருந்தாலும் சொல்லுங்கள். கூட்டம் பாதியாகக் குறைந்தாலும் சொல்லுங்கள். வாங்கிய பிறகு சொல்வதும் நேர்மைதான். ஆனால் அந்த நேர்மைக்கான விலையை நீங்கள் கொடுப்பதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

பிரின்சிபல் கிளம்புவதற்கு முன்பே, குலுக்கலில் வந்த குடும்பங்களுக்கெல்லாம் பள்ளி திறக்காது என்று நான்தான் போன் செய்து சொன்னேன். சிலர் திட்டினார்கள், சிலருக்கு நான் பேசிய இங்கிலீஷே புரியவில்லை. சேகரிடம் நேரில் சொன்னேன். அவர் ஒரு காருக்கு கேஸ் போட்டு முடித்துவிட்டு என் பக்கம் வந்தார். முழுவதையும் கேட்டார்.

"நீங்க அன்னைக்கு அந்தக் கூட்டத்துல பேசாம இருந்திருந்தா தொறந்திருக்கும்லக்கா?"

"தொறந்திருக்கும்."

பார்சிப்பனிக்காரர்கள் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாமே என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையில் இருந்த துணியை மடித்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு கேட்டார்.

"ஒரு லெட்டர் தருவீங்களாக்கா? அருணை செலக்ட் பண்ணோம்னு. உங்க ஸ்கூல் பேர் போட்டு."

"ஸ்கூலே இல்லையே சேகர். அத வச்சு என்ன பண்ணுவீங்க?"

"அவன் டீச்சர்கிட்ட காட்டுறேன். இவன் ஒண்ணுக்கும் ஆவ மாட்டான்னு நெனைக்கிறாங்க. ஒரு எடத்துல அவனப் பார்த்து எடுத்திருக்காங்கன்னு தெரியட்டும்."

கம்பிக் கூண்டைச் சுற்றி விட்டபோது கையில் வந்த சீட்டு அது. அவனை யாரும் பார்க்கவில்லை, யாரும் எடுக்கவில்லை. ஒரு ஹால் நிறைய ஆட்களுக்கு முன்னால் உள்ளதை உள்ளபடி சொன்னவள், அந்த ஒரு ஆளிடம் அதைச் சொல்லவில்லை. மறுநாள் பள்ளியின் பெயர் அச்சடித்த தாளில் டைப் அடித்து, பிரின்சிபலிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேகர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மகன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்தான். எண்ணெய் படாமல் இருக்கட்டும் என்று அதை எனக்கே திருப்பிக் கொடுத்து, ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் வண்டியில் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.